இடது காலுக்கு ஓய்வு கொடுங்கள்

கியர் போடத் தெரியாதவனுக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று நம்பிய தேசம் இது. ஆட்டோமேட்டிக் கார் என்றால் பணக்கார வீட்டுப் பொம்மை, இல்லாவிட்டால் மூட்டுவலிக்காரர்களின் வாகனம். 1990களில் மாருதி ஜென்னில் ஆட்டோமேட்டிக் வந்தபோதும் பெரும்பாலோர் திரும்பிப் பார்க்கவில்லை. விலை அதிகம், பெட்ரோல் குடிக்கும், ரிப்பேர் என்றால் மெக்கானிக் கையை விரித்துவிடுவார் என்று மூன்று காரணங்கள் சொன்னார்கள். மூன்றிலும் ஓரளவு உண்மை இருந்தது.

நிலைமை மாறியது 2014 பிப்ரவரியில். கிரேட்டர் நொய்டா ஆட்டோ எக்ஸ்போவில் மாருதி செலரியோ, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் ஏ.எம்.டி. பெட்டியோடு வந்தது. சாதாரண கியர் காரைவிடச் சில பத்தாயிரங்களே அதிகம். மைலேஜிலும் பெரிய நஷ்டமில்லை. டெல்லி ரிங் ரோட்டிலும் பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பிலும் கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்த நடுத்தர வர்க்கத்துக்கு அது போதுமானதாக இருந்தது. இன்று சின்ன கார்களில்கூட ஆட்டோமேட்டிக் சர்வசாதாரணம்.

ஓட்டுவது ரொம்ப சுலபம் என்று ஷோரூமில் சொல்வார்கள். பொய்யில்லை. லீவரை ‘டி’யில் தள்ளு, பிரேக்கை விடு, ஆக்சிலேட்டரை மிதி. பத்து நிமிடத்தில் பாடம் முடிந்து, ஆரத்தி எடுத்து, சாவியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். இருபது வருடம் கியர் கார் ஓட்டிய அனுபவசாலிக்கு இதில் என்ன சொல்லித்தர வேண்டியிருக்கிறது?

நிறையவே இருக்கிறது. அவருக்குத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். கிளட்சை ஒரு தொல்லை என்றே நாம் நினைத்துப் பழகிவிட்டோம். உண்மையில் அது ஒரு காவல்காரனும்கூட. கியர் காரில் ஏதாவது தப்பாகச் செய்தால் வண்டி குலுங்கி அணைந்துவிடும். பயந்துபோனால் இரண்டு காலும் தன்னிச்சையாகக் கீழே இறங்கும். ஒன்று பிரேக்கில், மற்றது கிளட்சில். வலது கால் இடம் மாறி ஆக்சிலேட்டரில் விழுந்தாலும், இடது கால் கிளட்சை அமுக்கியிருப்பதால் என்ஜின் அலறுமே தவிர சக்கரம் நகராது. ஆட்டோமேட்டிக்கில் அந்தக் காவல்காரனை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். கால் மாறி விழுந்தால் கார் பாயும். ‘பிரேக்கை மிதித்தும் நிற்கவில்லையே’ என்று ஓட்டுகிறவர் இன்னும் பலமாக மிதிப்பார். கார் இன்னும் வேகமாகப் பாயும்.

இதை உலகம் பெரிய விலை கொடுத்துத்தான் தெரிந்துகொண்டது. 1980களில் அமெரிக்காவில் ஆடி 5000 என்ற கார் தானாகவே சீறிப் பாய்கிறது என்று புகார்கள் குவிந்தன. 1986 நவம்பரில் சிபிஎஸ் தொலைக்காட்சியின் ‘60 மினிட்ஸ்’ நிகழ்ச்சி அதை நாடு முழுக்கக் கொண்டுபோனது. 1985-ல் அங்கே சுமார் 74,000 கார் விற்ற கம்பெனி, 1991-ல் 12,000 சொச்சத்துக்கு இறங்கியது. அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஆராய்ந்து 1989-ல் தந்த அறிக்கையின் சாரம் இதுதான்: பெரும்பாலான சம்பவங்களில் ஓட்டியவர்கள் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்திருக்கிறார்கள். காரில் குற்றமே இல்லை என்றும் அறிக்கை சொல்லவில்லை. ஐடிலிங்கில் ஏற்பட்ட சின்னக் கோளாறு சில கார்களை லேசாக உந்தியிருக்கிறது. பெடல்களின் அமைப்பும் அமெரிக்கர்களின் காலுக்குப் பழக்கமில்லாதது. அந்தச் சின்ன உந்தலில் திடுக்கிட்டுக் காலை வைத்த இடம்தான் தப்பு.

அந்த விவகாரத்தின் பலனை நீங்கள் தினமும் அனுபவிக்கிறீர்கள். பிரேக்கை மிதிக்காமல் லீவர் ‘பி’யிலிருந்து நகர மறுக்கிறதே, அந்தப் பூட்டை அப்போது ஆடி கொண்டுவந்து பொருத்தியது, பிறகு எல்லோரும் பின்பற்றினார்கள். ஆனால் பூட்டு, புறப்படும் நொடிக்கு மட்டும்தான். 2019 ஏப்ரலில் டோக்கியோவின் இகெபுகுரோ பகுதியில் 87 வயது முதியவர் ஓட்டிய கார் சிக்னலைத் தாண்டிப் பாய்ந்து, சைக்கிளில் போன ஒரு தாயையும் மூன்று வயது மகளையும் கொன்றது. பிரேக் வேலை செய்யவில்லை என்று அவர் கோர்ட்டில் கடைசிவரை வாதாடினார். மிதித்தது ஆக்சிலேட்டரைத்தான் என்று முடிவு செய்து 2021-ல் ஐந்து ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள். அவர் பொய் சொன்னார் என்று நினைக்க வேண்டியதில்லை. தன் கால் பிரேக்கில் இருந்தது என்று மனதார நம்பியிருக்கலாம். இந்த வகை விபத்தின் பயங்கரமே அதுதான்.

எனவே முதல் பாடம் காலுக்கு. ஆட்டோமேட்டிக் காரை ஒரே காலால் ஓட்ட வேண்டும். அதுவும் வலது கால். பிரேக்குக்கு ஒன்று, ஆக்சிலேட்டருக்கு ஒன்று என்று பங்கு பிரித்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். இடது காலுக்குக் கிளட்சை முழுக்க அமுக்கித்தான் பழக்கம். இதமாக மிதிக்க அதற்குத் தெரியாது. புது ஆட்டோமேட்டிக் ஓட்டுநர் வேகத்தடையைக் கண்டதும் பழைய ஞாபகத்தில் இடது காலால் ‘கிளட்ச்’ தேடுவார். அந்த இடத்தில் இருப்பது அகலமான பிரேக் பெடல். கார் சுவரில் மோதினாற்போல நிற்கும். பின்னால் வரும் ஆட்டோக்காரர் உங்கள் டிக்கியில் இருப்பார். இடது பக்க ஓரத்தில் கால் வைக்க ஒரு மேடை இருக்கும். காலை அதில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். அது இல்லாத கார் என்றால், முதல் வாரம் இடது காலை சீட்டை நோக்கிப் பின்னால் இழுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வலது குதிகால் பிரேக்குக்கு நேராகத் தரையில் ஊன்றியிருக்கட்டும். பாதத்தை மட்டும் வலப்பக்கம் சாய்த்து ஆக்சிலேட்டரை மிதியுங்கள். காலுக்கு வீடு பிரேக்; ஆக்சிலேட்டருக்கு அது விருந்தாளியாகத்தான் போய்வர வேண்டும். பார்க்கிங்கில் இது இன்னும் முக்கியம். கால் மாறும் விபத்துகள் நடப்பது நூறு கிலோமீட்டர் வேகத்தில் மட்டுமல்ல. அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளத்தில், தூணுக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் காருக்கும் நடுவே, உடம்பைத் திருப்பிப் பின்னால் பார்த்தபடி ரிவர்ஸ் எடுக்கும்போதும்தான். உடம்பு திரும்பும்போது காலும் இடம் மாறுகிறது. பெரும்பாலான கார்கள் ‘டி’யிலோ ‘ஆர்’ரிலோ பிரேக்கை விட்டாலே மெல்ல ஊரும். அந்த ஊர்தல் ஒரு வசதி. பார்க்கிங்கில் ஆக்சிலேட்டரைத் தொடவே தொடாதீர்கள். பிரேக்கை விட்டுப் பிடித்து நகர்த்துங்கள். தொட்டால்தானே மாறி மிதிப்பதற்கு?

இனி, உங்கள் காரில் இருப்பது எந்த ஆட்டோமேட்டிக் என்று தெரிந்துகொள்ளுங்கள். வாங்கியவர்களிலேயே பலருக்கு இது தெரியாது. எல்லாவற்றிலும் ‘டி’ இருக்கிறது, எல்லாம் ஒன்றுதானே என்று நினைக்கிறார்கள். பெயர் ஒன்று, ஜாதி நான்கு.

மூத்தது டார்க் கன்வர்ட்டர் வகை. ஜெனரல் மோட்டார்ஸ் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் ஹைட்ராமேட்டிக்கை விற்ற காலத்திலிருந்து தொடரும் பரம்பரை. என்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே எண்ணெய் சுழன்று விசையைக் கடத்துகிறது. தேய்வதற்குக் கிளட்ச் தகடு இல்லாததால் நெரிசலில் எவ்வளவு ஊர்ந்தாலும் முகம் சுளிக்காது. பணம் இருந்தால் நகரத்துக்கு இதுவே என் சிபாரிசு.

இரண்டாவது சி.வி.டி. இதில் பல்சக்கரப் படிகளே இல்லை. அகலம் மாறும் இரண்டு கப்பிகளும் அவற்றின் மேல் ஓடும் பெல்ட்டும்தான். 1958-ல் ஹாலந்தின் டாஃப் கம்பெனி ரப்பர் பெல்ட்டோடு காரில் கொண்டுவந்த தத்துவம். இப்போது காரில் எஃகு பெல்ட். அன்னியமாகத் தோன்றினால் 1980களின் கைனடிக் ஹோண்டாவை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு ஆக்டிவாவிலும் இதே சமாச்சாரம்தான். ஸ்கூட்டர் போலவே இதுவும்: முறுக்கினால் முதலில் சத்தம், பிறகு வேகம். ஆக்சிலேட்டரைத் தரையோடு அமுக்கிவிட்டு ‘இழுக்கவில்லை’ என்று குறைபட்டுக்கொள்வதில் பயனில்லை. மெல்ல மிதித்தால் வெண்ணெய் மாதிரி போகும்.

மூன்றாவது இரட்டைக் கிளட்ச் வகை, டி.சி.டி. ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு ஒன்று. இரண்டாவது கியரில் போகும்போதே மூன்றாவது தயாராகக் காத்திருக்கும். நெடுஞ்சாலையில் பிரமாதம். ஆனால் எண்ணெயில் முங்காத உலர் கிளட்ச் உள்ள ரகங்கள் நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர்ந்தால் சூடாகிவிடும்.

நான்காவது ஏ.எம்.டி. நம் ஊரில் அதிகம் பேர் கையில் இருப்பதும், அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். உள்ளே இருப்பது அதே பழைய கியர் பெட்டி, அதே கிளட்ச் தகடு. கிளட்சை மிதிக்கவும் கியர் மாற்றவும் ஒரு இயந்திர ஆளை நியமித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த ஆள் கொஞ்சம் நிதானப் பேர்வழி. ஒரு கியரை விட்டு அடுத்ததைப் பிடிக்கும்போது வண்டி ஒரு கணம் மூச்சை இழுத்துப் பிடிக்கும். உள்ளே இருப்பவர்களின் தலை ஆடும். அந்தக் கணத்தில் ஆக்சிலேட்டரை லேசாகத் தளர்த்தினால் ஆட்டம் குறைந்துவிடும். ஒரு வாரத்தில் கால் இதைத் தானாகக் கற்றுக்கொள்ளும்.

தலையாட்டம் பரவாயில்லை. ஓவர்டேக்கில்தான் இந்த நிதானம் ஆபத்து. இருவழிச் சாலை, முன்னால் கரும்பு லாரி, எதிரே கொஞ்சம் இடைவெளி. கியர் காரில் நீங்களே மூன்றாவதுக்கு இறங்கிக் கிளம்பிவிடுவீர்கள். ஏ.எம்.டி.யில் ‘டி’யிலேயே இருந்து ஆக்சிலேட்டரை அமுக்கினால், அது யோசித்து, கியரைக் குறைத்து, பிறகு பாயும். அதற்குள் எதிரே பஸ் பெரிதாகியிருக்கும். லீவரை ‘எம்’முக்குத் தட்டி, லாரியின் பின்னால் இருக்கும்போதே ஒரு கியர் குறைத்துக்கொண்டு, அதன் பிறகு வெளியே வாருங்கள். ‘எம்’ என்பது விளையாட்டுப் பிள்ளைகளுக்கான அலங்காரம் என்று விட்டுவிட்டவர்கள் இதற்காகவாவது அதைத் தொட்டுப் பழக வேண்டும்.

ஏற்றம் இன்னொரு சோதனை. மேம்பாலத்தின் சரிவில் நெரிசல். கார் பின்னால் சரியாமல் இருக்க ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தபடி நிறுத்தி வைத்திருப்பவர்களைப் பார்க்கலாம். ஏ.எம்.டி.யிலும் உலர் கிளட்ச் டி.சி.டி.யிலும் இது கிளட்சை உயிரோடு எரிப்பதற்குச் சமம். கருகிய நாற்றம் வந்தபின் வருத்தப்பட்டுப் பயனில்லை. செலவு பல பத்தாயிரங்கள். பிரேக்கைப் பிடியுங்கள். ஹில் ஹோல்டு வசதி இருந்தால் பிரேக்கை விட்டதும் ஓரிரு நொடி அது தாங்கும், அதற்குள் கிளம்பலாம். இல்லாவிட்டால் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, ஆக்சிலேட்டர் கொடுத்து, வண்டி முன்னால் முட்டுவது தெரிந்ததும் ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். சமதள நெரிசலிலும் முன்னால் இருப்பவர் நகரும் ஒவ்வொரு அடிக்கும் நகராதீர்கள். ஒரு கார் நீளம் இடம் விழட்டும், பிறகு ஒரே நகர்தல். நடுவில் பைக் புகுந்துவிடும் என்பீர்கள். புகட்டும்.

மலை இறங்குவது இன்னும் முக்கியம். முசூரியோ ஏற்காடோ, சிறிய கியரில் இறங்கச் சொல்லும் பலகையைப் பார்த்திருப்பீர்கள். ஆட்டோமேட்டிக் காரர்கள் அது தங்களுக்கில்லை என்று நினைத்து ‘டி’யிலேயே இறங்குகிறார்கள். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டுவிடுவதால், சுமை குறைந்தது என்று எண்ணிப் பல கார்கள் பெரிய கியருக்குப் போய்விடும். என்ஜின் பிடிமானம் போய், பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழும். பத்தாவது வளைவில் பிரேக் சூடேறி மழுங்கும். ‘எல்’, ‘2’, ‘எம்’ என்று உங்கள் காரில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் போட்டு, சிறிய கியரில் இறங்குங்கள். ஏறும்போதும் கொண்டை ஊசி வளைவில் இரண்டாவதா மூன்றாவதா என்று கார் தடுமாறினால் ‘எம்’மில் இரண்டாவதைப் பிடித்துவைப்பது நல்லது.

இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டுவது நம் டிரைவர்கள் வழிவழியாகக் காத்துவரும் சாஸ்திரம். பெட்ரோல் மிச்சமாம். இன்றைய இன்ஜெக்‌ஷன் என்ஜின், கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டு இறங்கும்போது பெட்ரோலையே நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் போட்டால் அணையாமல் இருப்பதற்காகக் குடிக்கும். மிச்சம் பிடிக்கப் போய்ச் செலவு. என்ஜினையே அணைத்துவிட்டு உருட்டும் மகானுபாவர்களுக்கு: பிரேக்குக்குத் துணை நிற்கும் வேக்குவம் போகும், ஸ்டியரிங் கல்லாகும், டார்க் கன்வர்ட்டர் பெட்டியாக இருந்தால் எண்ணெய் பம்ப்பும் நின்றுபோகும்.

நிறுத்துவதற்கும் ஒரு வரிசை உண்டு. பிரேக்கில் கால், லீவர் ‘என்’னில், ஹேண்ட் பிரேக், பிரேக்கைக் கொஞ்சம் விட்டு வண்டியின் பாரம் ஹேண்ட் பிரேக்கில் உட்காருகிறதா என்று பார்ப்பது, அதன் பிறகு மறுபடி பிரேக்கை மிதித்து ‘பி’. நேராக ‘பி’ போட்டு இறங்கிவிட்டால், சரிவில் காரின் மொத்த எடையும் கியர் பெட்டிக்குள் இருக்கும் ஒரு சின்னக் கொக்கியில் தொங்கும். மறுநாள் காலையில் லீவரை எடுக்கும்போது ‘டக்’கென்று கேட்பது அதன் முனகல்தான். ஏ.எம்.டி. கார்களில் பொதுவாக ‘பி’யே கிடையாது. நியூட்ரலில் விட்டுவிட்டு இறங்காதீர்கள். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கியரில் வைத்தபடியே என்ஜினை அணையுங்கள். உள்ளே இருப்பது சாதாரண கியர் பெட்டிதானே, அது சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஓடும் என்ஜினோடு சீட்டை விட்டு இறங்குவது மட்டும் கூடவே கூடாது. கேட்டைத் திறக்க, கடையில் பால் பாக்கெட் வாங்க, ஒரு நிமிடம்தானே என்று எதற்காகவும். கியர் காரில் கியரோடு இறங்கவே முடியாது, அணைந்துவிடும். இதில் ‘டி’யில் வைத்துவிட்டு இறங்கலாம், கார் கூடவே நடந்து வரும். ‘ஸ்டார் ட்ரெக்’ படங்களில் நடித்த 27 வயது ஆன்டன் யெல்ச்சின் 2016 ஜூனில் லாஸ் ஏஞ்சலீஸில் தன் வீட்டுச் சரிவான பாதையில் இறந்தது, தன்னுடைய ஜீப் கிராண்ட் செரோக்கியே உருண்டு வந்து நசுக்கியதால். எந்த கியரில் இருக்கிறோம் என்பதைக் கையால் தடவி உணர முடியாத, ஒவ்வொரு முறையும் நடுவுக்கே திரும்பிவிடும் லீவர் அந்த மாடலில். அவர் இறப்பதற்கு இரண்டு மாதம் முன்புதான் உலகெங்கும் சுமார் 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்கக் கம்பெனி முடிவு செய்திருந்தது. இப்போது நம் ஊர்க் கார்களிலும் லீவருக்குப் பதில் வட்டத் திருகு, பொத்தான் என்று வந்துகொண்டிருக்கிறது. அழகுதான். இறங்கும் முன் டேஷ்போர்டில் என்ன எழுத்து எரிகிறது என்று பார்த்துவிடுங்கள்.

எலெக்ட்ரிக் காரில் மாற்றுவதற்குக் கியரே இல்லை. ஆனாலும் ‘டி’, ‘ஆர்’, ‘என்’ என்று அதே எழுத்துகள்தான், அதே இரண்டு பெடல்கள்தான். கூடுதலாக இரண்டு எச்சரிக்கைகள். சத்தமே இல்லாததால் வண்டி உயிரோடு இருப்பது மறந்துபோகும். தொட்டதும் பாயும் என்பதால் தப்பான மிதியின் விலையும் அதிகம்.

பேட்டரி செத்தால் நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்வது நம் தேசியப் பழக்கம். ஆட்டோமேட்டிக்கில் அது நடக்காது. ஜம்ப்பர் கேபிள் ஒன்று டிக்கியில் இருக்கட்டும். டார்க் கன்வர்ட்டர், சி.வி.டி. கார்கள் நின்றுபோனால் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருளாமல் தூக்கிச் செல்லும் வண்டியைக் கூப்பிடுங்கள்.

இதையெல்லாம் யார் சொல்லித்தர வேண்டும்? பிரிட்டனில் ஆட்டோமேட்டிக்கில் பரீட்சை எழுதினால் ஆட்டோமேட்டிக் மட்டுமே ஓட்ட லைசென்ஸ். நம் 1988 மோட்டார் வாகனச் சட்டம் மோட்டார் சைக்கிளை கியர் உள்ளது, இல்லாதது என்று பிரிக்கிறது. காருக்கு அந்தப் பிரிவினை இல்லை. பயிற்சிப் பள்ளியில் பெரும்பாலும் கியர் காரில் கற்று, ஆர்.டி.ஓ. முன் எட்டு போட்டு வந்தவர் மறுநாளே ஆட்டோமேட்டிக்கில் ஏறலாம். சட்டத்தில் குற்றமில்லை. ஷோரூம் பையனின் பத்து நிமிடத்தைத் தவிர வேறு பயிற்சி இல்லை என்பதுதான் கவலை.

அதனால் நீங்களே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஞாயிறு காலை, ஆளில்லாத மைதானம், அரை மணி நேரம். முதல் பத்து நிமிடம் ஆக்சிலேட்டரைத் தொடாமல் பிரேக்கை மட்டும் வைத்து ஊர விடுங்கள். அடுத்து, பாதத்தை ஆக்சிலேட்டருக்கும் பிரேக்குக்கும் மாற்றி மாற்றி, கண்ணால் பார்க்காமல் சரியாக விழும்வரை. கடைசியாக, கழுத்தைத் திருப்பியபடி ரிவர்ஸ். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எதிர்பாராத நேரத்தில் ‘நில்’ என்று கத்தட்டும். வழுக்கும் செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். காலடியில் உருளும் தண்ணீர் பாட்டிலைப் பின் சீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பிரேக்குக்கு அடியில் போய் உட்கார அதற்கு நன்றாகத் தெரியும்.